முறிவுக்கு முந்திய நாட்கள்

பெற்றோர் பிரிந்தாற் பிள்ளைகள் கெடுவர் என்பது நம்மிற் பலருடைய முடிவு. மெய்தானா என்று வினவினால், "கண்ணாற் காண்கின்றோமே" என்பர். காண்பது மெய்யாகலாம், ஆயினும் எதனாற் கெட்டனர் என்பதைக் கண் காட்டுவதில்லை. இதனை ஆராய்ந்தோர் கண்டவற்றை இக்கிழமை சிறிது நோக்குவோம்.

கணவன் மனைவியருள் எவர்மீதும் குற்றம் நாட்டாமலே விவாகரத்துப் பெறலாம் என்னும் சட்டம், கலிபோர்ணியாவில் 1970இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டில் யூடித் வாலர்ஸ்ரைன் என்னும் உளவியல் அறிஞர், அங்கே பெற்றோர் பிரிந்த 60 குடும்பங்களைச் சேர்ந்த 131 பிள்ளைகளை ஆராயத் தொடங்கினார். அவர்களுட் பலரை இருபத்தைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கண்டு உரையாடினார். தந்தை போய்விட்டார், இனித் தாயும் போய்விடுவாரோ என்று இளஞ்சிறார் அஞ்சினர். வளர்ந்து ஆளான பின்னரும், தம்முடைய மணவாழ்வும் முறிந்துவிடுமோ என்ற அச்சம் பலரை விட்டு நீங்கவில்லை.

அம்மையார் எழுதிய நூல்கள் உள்ளத்தை உருக்குவன. ஆனால், பிரியாத குடும்பத்துப் பிள்ளைகளை அவர் தொடக்கத்தில் ஒப்பிட்டு நோக்கவில்லை. பரீட்சையிற் தவறிய மாணாக்கரை மாத்திரம் அழைத்து, "உமக்குத் தலைவலி உண்டா?" என்று கேட்டால், உண்டு என்போர் பலர் இருப்பர். சித்தியெய்தியோரையும் கேட்டாலன்றோ தலைவலியின் பங்கு விளங்கும்!

அக்குறை பிரித்தானியாவில் ஓரளவு நீங்கியது. அங்கே 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே கிழமையிற் பிறந்த ஏறக்குறைய 17,000 குழந்தைகளின் வளர்ச்சியைப் பிறப்பிலிருந்தே குறித்து வந்தனர். ஏழு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையிற் பெற்றோரைப் பிரியக் கண்ட பிள்ளைகளின் குறிப்புகளை அன்ட்ரு செர்லின் என்னும் சமூகவியலாரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து, 1991இல் முடிவை வெளியிட்டனர். பதினொரு வயதில் நடத்தையிலும் கல்வியிலும் காணப்பட்ட குறைகளில், ஆண்பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரும்பகுதி ஏழு வயதிலேயே, தாய் தந்தையர் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த காலத்திலேயே, தோன்றியிருந்தது. பெண்பிள்ளைகளிடத்தில் இது அத்துணைத் தெளிவாக இல்லை. நீதிமன்றம் தீர்ப்பெழுதுமுன்னரே வீட்டில் ஏதோ எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

எனினும், விவாகரத்தினால் தீங்கே இல்லை என்று எவரும் துணிந்துவிட வேண்டாம். அதே பிள்ளைகளை முப்பத்து மூன்று வயது வரை தொடர்ந்து நோக்கி 1998இல் செர்லின் குழுவினர் எழுதியபோது, முன்னைய காரணங்களை விலக்கிய பின்னரும் ஒரு பகுதி எஞ்சியது; வயது ஏற அந்த வேறுபாடு அகன்றும் சென்றது.

அமெரிக்காவிற் போல் அமாற்றோ, அலன் பூத் என்னும் இருவர், ஏறத்தாழ 2,000 மணமானவர்களை 1980இலிருந்து தொடர்ந்து விசாரித்து, 1997இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஓயாச் சண்டையுள்ள வீட்டிற் பெற்றோர் பிரிந்தபோது, பிள்ளைகள் பின்னாளில் நலமடைந்தனர். சண்டை அதிகம் இல்லாத வீடு முறிந்தபோதோ அவர்கள் மிகவும் துன்புற்றனர். தந்தையும் தாயும் மனம் கசந்திருந்ததை அறியாமல் உறங்கி எழுந்த பிள்ளைக்கு அச்செய்தி இடியெனவே விழுந்திருக்கும். இவர்கள் கண்ட விவாகரத்துகளுட் கடும் பூசலால் விளைந்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.