அரிசியா குற்றவாளி?

"இலவச அரிசி தின்றான், ஏழை கொழுத்தான்; கொழுத்தவன் சோம்பேறியானான்!" சிதம்பரம் கடைத்தெருவில் இப்படி ஏகடியம் பேசுவோர் உண்டு. கையிலே ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். கணக்கு மெய்; அவர்கள் எழுதும் தீர்ப்புத்தான் பொய்!

ஒன்றிய அரசின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில், உயரத்துக்கு மிஞ்சிய எடை உடையோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பேர். கேரளத்தில் 38, ஆந்திரத்தில் 36, கருநாடகத்தில் 30. இந்தியா முழுமைக்கும் 24. ஆண்களில் இங்கே 37, இந்தியாவில் 23.

அரிசிதான் காரணமா? கடலூரை விட்டுப் பெண்ணையாற்றைக் கடந்து, முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போடும் முறை 2015-லேயே வந்தது. மெலிந்தார்களா? பெண்களில் நூற்றுக்கு 46! அரிசி போயிற்று, எடை போகவில்லை. எங்கே உங்கள் வாதம்?

"பீகாரைப் பார், 16 தானே!" என்பார்கள். பார்த்தோம். அதே பீகாரில் எடை குறைந்து இளைத்த பெண்கள் நூற்றுக்கு 26, இங்கே 13. அது நலத்தின் அறிகுறியா? பட்டினியின் தழும்பு! 1967-இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டது கழக ஆட்சி. பசியை விரட்டிய அந்தப் பாதையிலிருந்து பின்வாங்கவா சொல்கிறீர்கள்?

ஆனால் தோழர்களே, வெற்றி மயக்கம் வேண்டாம். 2015-16-இல் இங்கே 31. அடுத்த கணக்கெடுப்பில் 40! தட்டிலே சோறு மலைபோல், பருப்பும் காயும் மருந்துபோல் இருந்தால் என்ன ஆகும்? மாலையில் எண்ணெய் சொட்டும் போண்டா, வேளைக்கொரு சர்க்கரைத் தேநீர், கூப்பிடு தூரத்துக்கும் மோட்டார் சைக்கிள்! இவை சேர்ந்து அழைத்து வருபவை நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். பணக்காரன் படுத்தால் அவன் பணம் உழைக்கும். மூட்டை தூக்கும் தோழன் படுத்தால்? அன்றே கூலி இல்லை, அடுப்பும் எரியாது!

ஆகவே, அரிசியைப் பிடுங்காதே, பருப்பைக் கூட்டு! கேழ்வரகையும் கம்பையும் ரேஷன் கடைக்குக் கொண்டு வா! இது நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தது. கூச்சத்தால் கையை மறைத்தவர்கள் எத்தனை பேர்! கிளைக் கழகத் தோழனே, முதலில் உன் கையை நீட்டு. தெரு உன்னைப் பார்த்து நீட்டும்.

பசியை வென்றோம், நோய்க்குத் தோற்கலாமா?