பெண்களால் முடியாத தூரமா?

"பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்ற கேள்வியை நம்மில் பலர் வீட்டிலேயே கேட்டிருப்போம். ஐந்தாம் வகுப்பு வரை துள்ளி ஓடிய நாம், எட்டாம் வகுப்பில் அடக்கமாக நடக்கத் தொடங்குகிறோம். பத்தாம் வகுப்பிலோ விளையாட்டு வகுப்பு கணக்கு வகுப்பாகி விடுகிறது. விளையாட்டு விழாவில் நமக்குரிய மிக நீண்ட ஓட்டம் 200 மீட்டர்தான். அதற்கு மேல் நம்மால் முடியாது என்று நாமே நம்பிவிட்டோம். இது சரிதானா?

இவ்வெண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஓடி முடித்தவர்களில் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தனர். ஓடினால் ஆண்களும் களைப்பார்கள் அல்லவா? ஆயினும் பெண்ணுடல் இதைத் தாங்காது என்று கூறி அப்பந்தயத்தையே நீக்கிவிட்டார்கள். அது மீண்டும் வந்தது 1960-இல்தான்.

அந்த எண்ணத்தைத் தம் கால்களாலேயே பொய்யாக்கியவர்களுள் ஒருவர் நார்வே நாட்டின் கிரேட்டே வைட்ஸ். 1953-இல் ஆஸ்லோவில் பிறந்த இவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓடினார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அன்று அனுமதிக்கப்பட்ட அதிக தூரமே அவ்வளவுதான்! பின்னர் 3000 மீட்டரில் உலக சாதனை படைத்தார். இத்தனைக்கும் அவர் ஒரு பள்ளி ஆசிரியை.

1978-இல் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்திற்கு அவர் அழைக்கப்பட்டார். வெற்றி பெறுவதற்காக அன்று. மற்றவர்களுக்கு வேகம் காட்டி முன்னே ஓடுவதற்காக! தூரமோ 42.195 கிலோமீட்டர். அதுவரை அவர் ஒரே மூச்சில் ஓடியிருந்தது ஏறக்குறைய 20 கிலோமீட்டரே. கால்கள் கெஞ்சின. ஓடச் சொன்ன கணவர் மீது கோபம் கோபமாக வந்தது. ஆயினும் நிற்கவில்லை. 2 மணி 32 நிமிடம் 30 விநாடியில் முதலாவதாக வந்தார். அது அன்றைய உலகச் சாதனையை இரண்டு நிமிடங்களுக்கு மேல் முறியடித்தது. இனி ஓடவே மாட்டேன் என்று சினந்த அவர், 1988-க்குள் அப்பந்தயத்தை ஒன்பது முறை வென்றார். 1983-இல் ஹெல்சிங்கியில் உலக வாகையர் பட்டமும் பெற்றார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வெள்ளிப் பதக்கம் அவருடையதாயிற்று.

ஆனால், நம் உள்ளத்தைத் தொடுவது அவருடைய மிக மெதுவான ஓட்டமே. 1978-இல் அவரை அழைத்த பிரெட் லெபோ என்பவர் பிற்காலத்தில் மூளைப் புற்றுநோய்க்கு ஆளானார். 1992-இல் அவர் அதே மாரத்தானை ஓட விரும்பியபோது, கிரேட்டே அவர் அருகிலேயே ஓடினார். ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. இருவரும் சேர்ந்தே கோட்டைத் தொட்டனர். 2011-இல் கிரேட்டேவும் புற்றுநோயால் காலமானார்.

"எல்லோரும் கிரேட்டே ஆகிவிட முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். முடியாது. நாமும் பதக்கம் கேட்கவில்லை. நம்மால் எவ்வளவு தூரம் முடியும் என்று ஓடிப் பார்க்கும் வாய்ப்பைத்தான் கேட்கிறோம். ஓடிப் பார்க்காமலே முடியாது என்பது, தேர்வு எழுதுமுன் தோல்வி என்று அறிவிப்பதற்குச் சமம்.

எனவே, தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களிடம் பணிவுடன் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறோம். அடுத்த விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓட்டம் ஒன்று வேண்டும். பத்தாம் வகுப்பிற்கும் வாரம் ஒரு விளையாட்டு வகுப்பு வேண்டும். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் ஓட்டத்தைக் காரணம் காட்டமாட்டோம் என்று உறுதியும் கூறுகிறோம்.

நாங்கள் அடுத்த ஆண்டு வேறு வகுப்பிற்குச் சென்றுவிடுவோம். தங்கைகளே, அந்த 800 மீட்டரை நீங்கள் ஓடுங்கள். கடைசியாக வரும் தோழிக்காகவும் கோட்டருகே நின்று கைதட்டுங்கள்!