போட்டோவுக்கு எடுத்த துணி இருக்கு, ராத்திரிக்கு?

1/
அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், நியூ இயர், பின்னாலேயே பொங்கல். இந்த நாலு வாரத்துல புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் நிறைய வீடு பூட்டித்தான் கிடக்கும். ஒரு கூட்டம் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு வேன் பிடிக்கும். இன்னொரு கூட்டம் கம்பெனியில லீவு சொல்லிட்டு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டுக்கு ரயில் ஏறும்.

ரெண்டு கூட்டத்துக்கும் பை கட்டுறதைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பொறுமையாப் படிங்க.

2/
துணி எடுத்து வைக்கிறதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. வேலை இருக்கு.

நம்ம பையைத் திறந்து பாருங்க. கேக் வெட்ட ஒரு டிரஸ், போட் ஹவுஸ் போட்டோவுக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்குப் பட்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு, கம்பளி பத்தாத லாட்ஜ் ரூம்ல போட்டுக்க என்ன இருக்கு? நைட்டி, அரை டவுசர், கை இல்லாத பனியன். குளிர் ஆளைப் பிடிக்கிறதே அந்த ரெண்டு மணிக்குத்தான்.

என் கருத்து இதுதான்: பையில முதல்ல போக வேண்டியது ராத்திரித் துணி. அதுலயும் முதல்ல, வீட்டுல ரொம்பச் சின்னவங்களுக்கும் ரொம்பப் பெரியவங்களுக்கும். விசேஷத் துணி மிச்சம் இருக்கிற இடத்துல போகட்டும்.

3/
நமக்குக் குளிர் தெரியாது. இது குறை இல்லை, நாம இருக்கிற இடம் அப்படி. மார்கழியில நம்ம பக்கம் விடியக்காலை 20, 21 டிகிரி. அதுக்கே மப்ளர் சுத்துறோம்.

மலையில ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கணக்குப் போட்டா 14, 15 டிகிரி போயிடுது. இங்கே 21 இருக்கிற ராத்திரியில அங்கே 6, 7. டிசம்பர், ஜனவரியில தலைகுந்தா பக்கமெல்லாம் பூஜ்யத்துக்குப் போய் உறைபனி கொட்டும். பகல்ல வெயில் அடிக்கும், "என்னப்பா, குளிரே இல்லையே"ன்னு தோணும். சூரியன் இறங்கினதும்தான் தெரியும்.

4/
துணி பத்தலைன்னா மனுஷன் என்ன செய்வான்? நெருப்பைத் தேடுவான். எனக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான்.

2020 ஜனவரி. கேரளாவிலிருந்து நேபாளம் சுற்றுலா போன குழு, தாமன்கிற மலை ஊர்ல தங்குது. குளிர் தாங்காம கேஸ் ஹீட்டரைப் போட்டுட்டு, கதவு ஜன்னலை அடைச்சிட்டு ஒரே ரூம்ல எட்டு பேர் படுத்தாங்க. காலையில எட்டு பேரும் எழுந்திருக்கலை. அதுல நாலு பேர் குழந்தைங்க.

2024 ஆகஸ்ட், நம்ம கொடைக்கானல். திருச்சியிலிருந்து போன நண்பர்கள். பார்பிக்யூ போட்ட கரி அடுப்பைக் குளிருக்காக ரூமுக்குள்ள வெச்சுக்கிட்டுத் தூங்கினாங்க. இரண்டு பேர் இறந்துட்டாங்க.

5/
ரூமுக்குள்ள என்ன நடக்குது?

கரியும் கேஸும் மூடின அறையில காத்து பத்தாம எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின்ல இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல பலமா ஒட்டிக்கும். மூச்சு ஓடிக்கிட்டே இருக்கும், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தூங்கிட்டு இருக்கிறவங்களுக்கு எதுவும் தெரியாது.

"புகையே வரலையே, வெறும் தணல்தானே"ன்னு சொல்றாங்க. புகை இல்லாத தணல்தான் ஏமாத்தும்.

6/
ரூம்ல இருக்கிற ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, வாந்தி, கிறுகிறுப்புன்னா ஃபுட் பாய்சன்னோ, நேத்து அடிச்ச சரக்குன்னோ முடிவு பண்ணாதீங்க. உடனே கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே இழுங்க. 108-க்குக் கூப்பிடுங்க. "அடுப்பு எரிஞ்சுது"ன்னு டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை இல்லைன்னா நோயைக் கண்டுபிடிக்கவே நேரம் போயிடும்.

கரண்ட் ஹீட்டர்ல இந்த வாயு வராது. ஆனா அது மேல ஈரத்துணி காயப் போடாதீங்க, தீப்பிடிக்கும்.

7/
இப்போ குழந்தைங்க.

கைக்குழந்தைக்கு எடைக்குத் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் போயிடும். நம்மள மாதிரி நடுங்கிச் சூடு பண்ணிக்கவும் அதுக்குச் சரியாத் தெரியாது. பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே கவனிக்கணும். அழும்னு காத்திருக்காதீங்க. குளிர்ந்து போன குழந்தை அமைதியாயிடும், பால் குடிக்காது, துவண்டு கிடக்கும்.

நீங்க எத்தனை அடுக்கு போடுறீங்களோ, குழந்தைக்கு அதைவிட ஒண்ணு கூட. கை கால் லேசா ஜில்லுன்னு இருக்கிறது சகஜம். வயித்தையும் பின் கழுத்தையும் தொட்டுப் பாருங்க. வயிறு ஜில்லுன்னா அம்மா நெஞ்சோட தோல் மேல தோல் படற மாதிரி வெச்சு, மேல போர்வை போர்த்தி ஆஸ்பத்திரிக்கு வாங்க. பின் கழுத்து வேர்த்தா ஒரு அடுக்கைக் கழட்டுங்க. முகத்தை மட்டும் எதைக் கொண்டும் மூடாதீங்க.

8/
வருஷம் பூரா பீரோவுல அந்துருண்டையோட கிடந்த ஸ்வெட்டரை, அப்படியே உதறிக் குழந்தைக்குப் போடாதீங்க.

சில குழந்தைங்களுக்குப் பிறவியிலேயே ஜி6பிடின்னு ஒரு என்சைம் குறைவா இருக்கும். நமக்குத் தெரியாது, பார்த்தாலும் தெரியாது. அந்துருண்டையில இருக்கிற நாப்தலீன் இவங்களுக்கு ரத்தச் சிவப்பணுவை உடைச்சு, மஞ்சள் காமாலை, ரத்தசோகை வரைக்கும் கொண்டு போகும். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எடுத்துத் துவைச்சு, வாசனை போற வரைக்கும் வெயில்ல போடுங்க. பைக்குள்ள உருண்டையே வேண்டாம். மிட்டாய்னு நினைச்சு வாயில போடுற குழந்தைங்களும் உண்டு.

9/
தாத்தா பாட்டி "எனக்கு ஒரு சால்வை போதும்"பாங்க. கேட்காதீங்க.

குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும். இதய நோய் இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து. ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் அவங்களுக்குத்தான் முதல்ல. மாத்திரை டிக்கியில போற பெட்டியில வேண்டாம், கைப்பையில இருக்கட்டும்.

சர்க்கரை நோயால பாதம் மரத்துப் போனவங்களுக்கு வெந்நீர்ப் பை கொடுக்காதீங்க. சுடுறது தெரியாம வெந்து போகும். அந்தப் புண்ணு ஆற மாசக்கணக்காகும். அவங்களுக்கு இறுக்காத பருத்தி சாக்ஸ் ரெண்டு ஜோடி போதும்.

10/
"ரெண்டு நாளுக்காக வீட்டுல அஞ்சு பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கணுமா டாக்டர்?" நியாயமான கேள்வி. வேண்டாம்.

சூடு துணியில இல்லை, துணிக்கு நடுவுல மாட்டிக்கிற காத்துல இருக்கு. ஒரு தடிச்ச ஸ்வெட்டரைவிட மூணு மெல்லிசு துணி ஒண்ணு மேல ஒண்ணு நல்லது. உள்ளே பனியன், நடுவுல முழுக்கை டீ-சர்ட், மேல காத்துப் புகாத ஒண்ணு, ரெயின்கோட்டா இருந்தாலும் சரி. இதோட காது மூடுற குல்லா, சாக்ஸ்.

முக்கியமா, பகல்ல போட்டுச் சுத்தின துணியோட படுக்காதீங்க. வேர்வையில நனைஞ்ச பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். ராத்திரிக்குன்னு காஞ்ச செட் ஒண்ணு, பிளாஸ்டிக் கவர்ல கட்டித் தனியா இருக்கட்டும். வீட்டுப் போர்வை ஒண்ணையும் மடிச்சு வைங்க.

11/
கேம்ப்ஃபயர், போகி. ரெண்டு இடத்துக்கும் பிள்ளைங்களுக்கு நெட் கவுன், நைலான் பாவாடை, பறக்கிற துப்பட்டா வேண்டாம். செயற்கை நூல் எரியிறதோட நிக்காது, உருகித் தோல்ல ஒட்டிக்கும். உடம்போட ஒட்டின பருத்தித் துணியோ கம்பளியோ போடுங்க.

தீ பட்டுட்டா ஓடுற சாதாரணத் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம்.

12/
இது வடக்கே போற நம்ம பக்கத்து ரூம் அண்ணன், தம்பிங்களுக்கு.

பொங்கல் முடிஞ்சதும் அவங்க ஊர்ல கல்யாண சீசன் தொடங்கும். சென்ட்ரல்ல அரைக்கை சட்டையில ஏறுவாங்க. இரண்டாவது ராத்திரி அன்ரிசர்வ்டு பெட்டியில, ஜன்னல் இடுக்குல பனிக்காத்து அடிக்கும். ஜனவரியில பாட்னாவுல ராத்திரி 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், சில நாள் பகல்லயும் சூரியனைப் பார்க்க முடியாது.

பெரியவங்க அந்த ஊர்ல வளர்ந்தவங்க, சமாளிப்பாங்க. ஆனா நம்ம ஆஸ்பத்திரியில பிறந்து, இந்தப் பக்கத்து வெக்கையில மட்டுமே வளர்ந்த ஆறு மாசக் குழந்தைக்கு அதுதான் முதல் குளிர். ஊருக்குப் போனா கட்டிலுக்குப் பக்கத்துல 'போர்சி' வைப்பாங்க, நம்ம ஊர் குமுட்டி மாதிரி மண் சட்டியில தணல். மூடின ரூம்ல அதுவும் மேலே சொன்ன அதே விஷம்தான்.

13/
அதனால வீட்டு ஓனர்கள், கான்ட்ராக்டர்கள், கம்பெனி எச்ஆர் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். லீவுல போறவங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்குறீங்க, நல்ல விஷயம். கைக்குழந்தையோட போறவங்களுக்கு அதோட ஒரு கம்பளியும் ஒரு குழந்தைக் குல்லாவும் கொடுங்க. "ரூமுக்குள்ள போர்சி வேண்டாம்"னு அவங்க மொழியில யாரையாவது சொல்லச் சொல்லுங்க. பொறந்த குழந்தைக்கு ஒரு மாசம்கூட ஆகலைன்னா பயணத்தைத் தள்ளிப்போட லீவையும் தள்ளிக் கொடுங்க.

14/
ஜிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க:

ராத்திரிக்குக் காஞ்ச செட், ஆளுக்கு ஒண்ணு.
குல்லா, சாக்ஸ். குழந்தைக்கு ரெண்டு ஜோடி.
துவைச்சு வெயில்ல காஞ்ச ஸ்வெட்டர்.
வீட்டுப் போர்வை ஒண்ணு.
மாத்திரை, கைப்பையில.

இதெல்லாம் வெச்ச பிறகும் ராத்திரி குளிர் தாங்கலைன்னா ரிசப்ஷன்ல இன்னொரு கம்பளி கேளுங்க, குழந்தைங்களோட ஒட்டிப் படுங்க. கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதுவும் ரூம் கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

வேன் புக் பண்ணிட்ட உங்க ஃபேமிலி குரூப்ல இதைப் போட்டுவிடுங்க. பத்திரமாப் போயிட்டு வாங்க.