டைல்ஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் வாசற்படி!

மதுரையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் ஹால் பெருசா, மாடுலர் கிச்சன் இருக்கா, வாசல் கிழக்கா வடக்கா என்றுதான் கேட்கிறார்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறிப் போகணுமா, இறங்கிப் போகணுமா என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மெத்தை நனைந்த பிறகு வாஸ்து பேசி என்ன பயன்?

இது கண்மாய்களின் ஊர். 2004இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரி கண்மாய் நிலத்தில்தான் நிற்கிறது. அரசே அப்படிக் கட்டியிருக்கும்போது, புரோக்கர் காட்டும் பிளாட் மட்டும் மேட்டில் இருக்கும் என்று எப்படி நம்புவது? அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேடு, புலப்படம் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். பக்கத்து எண்களையும் பார்ப்பது நல்லது. வாய்க்கால் அங்கே ஓடலாம்.

பழைய வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. பழையதைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, வீடு பள்ளமாகிவிடுகிறது. சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா பாருங்கள். புதுசா பெயின்ட் அடித்திருந்தால், தெருமுனை டீக்கடையில் கேளுங்கள்: "மழைக்கு இங்க எவ்வளவு தண்ணி நிக்கும்ணே?"