முதல் மோட்டார் சைக்கிள்: கண்ணுக்கும் பிடிக்க வேண்டும், காலுக்கும் எட்ட வேண்டும்



சில மாதங்களாக எமது மகளிர் குழுக் கூட்டங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "மிஸ், புதிதாக ஓடப் பழகுகிறவளுக்கு எந்த மோட்டார் சைக்கிள் நல்லது? பார்க்கவும் வடிவாக இருக்க வேண்டும்" என்பதே அந்தக் கேள்வி. இரத்தோட்டையிலும் கேட்கிறார்கள், உக்குவளையிலும் கேட்கிறார்கள், எல்கடுவப் பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்கிறார்கள். 2020 இல் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், ஷோரூம்களில் புதிய வண்டிகள் வரிசையாக நிற்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் நான் கவனித்த ஒரு விடயம் உண்டு. கேள்வியின் முதற்பாதியை எல்லோரும் உரத்த குரலில் கேட்கிறார்கள். "வடிவாக இருக்க வேண்டும்" என்ற பாதியை மட்டும் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அவர்களில் அநேகமானோர் யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள். எமது மாவட்டத்திலிருந்து 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பயந்து வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, 2009 இன் பின்னர் உறவினரைத் தேடித் திரும்பி வந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். "தாலி இழந்தவளுக்கு சிவப்பு ஸ்கூட்டி கேட்குதாம்" என்று லயத்துக்கு லயம் கதை போகும் என்ற பயம் அவர்களுக்கு.

ஆகவே முதலில் இந்தப் பயத்தைப் பற்றிப் பேசுவோம். பிறர் பார்த்து மெச்ச வேண்டும் என்பதற்காக மனிதர்கள் பொருள் வாங்கிச் செலவழிப்பதைப் பற்றி தோர்ஸ்டீன் வெப்ளன் என்பவர் 1899 இலேயே ஒரு புத்தகம் எழுதினார். சமூகவியல் படித்த நாங்கள் எல்லோரும் அதைப் படித்தவர்கள்தான். ஊருக்குக் காட்டுவதற்காகக் கடன்பட்டு வாங்குவது தவறு என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, பிடித்த நிறத்தை விட்டுப் பிடிக்காத நிறத்தை வாங்குவதும் ஊருக்காக வாங்குவதுதானே? சிவப்புக்கும் சாம்பலுக்கும் பெற்றோல் ஒரே அளவில்தான் செலவாகும். மாலையில் இருட்டிலும் மார்கழி மழையிலும் எதிரே வருகிற லொறிக்காரனுக்கு உங்களைத் தெரிய வேண்டும். அதற்குச் சாம்பலைவிடப் பளிச்சென்ற நிறமே நல்லது. நிறத்தைப் பற்றிய தீர்மானத்தை யாரிடமும் கேட்காமல் நீங்களே எடுங்கள்.

அழகும் பயனும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல என்பதற்கு ஹொண்டா சூப்பர் கப் நல்ல உதாரணம். ஜப்பானில் 1958 இல் வெளிவந்த அந்தச் சிறிய வண்டியில், காலைத் தூக்கிப் போடாமல் நடுவால் ஏறி உட்காரலாம். கையால் பிடிக்கும் கிளச் இல்லை. சேற்றுத் தண்ணீர் காலில் தெறிக்காமல் முன்னால் ஒரு மறைப்பு உண்டு. 2017 அளவில் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாகியிருந்தன. வேகத்தை விட ஏறி இறங்கும் சுலபத்தைத்தான் மக்கள் விரும்பி வாங்கினார்கள். இன்று நாம் ஸ்கூட்டி என்று சொல்லும் எல்லா வண்டிகளிலும் அந்தச் சுலபம் இருக்கிறது.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையிலும் ஒரு நிகழ்வு உண்டு. 1990 களின் ஆரம்பத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓடப் பழகினார்கள். கடைகளில் பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது, நடுவில் பார் உள்ள ஆண்களின் சைக்கிளையே எடுத்து ஓடினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை இருத்திக் கொண்டு போகலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள். "பெண்களுக்கான வண்டி" என்று கடைக்காரர் காட்டுவதை மட்டும் பார்க்காமல், எனது அன்றாட வேலைக்கு எது உதவும் என்று பார்க்க வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இனி, வண்டியைத் தெரிவு செய்யும் முறைக்கு வருவோம்.

முதலாவது, கால். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதங்களும் நிலத்தில் நன்றாகப் பதிய வேண்டும். நுனி விரல் மட்டும் தொட்டால் அது உங்கள் வண்டியல்ல. புதிதாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது வேகமாகப் போகும்போதல்ல, நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான். சாரியோ சட்டையோ, நீங்கள் வழமையாக உடுத்தும் உடுப்போடு போய் ஏறிப் பாருங்கள்.

இரண்டாவது, பாரம். எங்கள் வீதிகளில் அதிகம் காணும் டி.வி.எஸ். ஸ்கூட்டி பெப் பிளஸ் ஏறத்தாழ 95 கிலோ. ஹொண்டா டியோ 100 கிலோவுக்குச் சற்று அதிகம். இளைஞர்கள் ஓடும் பல்சர் 150 போன்றவை 140 கிலோவுக்கும் மேல். ஷோரூமில் இயந்திரத்தை இயக்காமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வட்டம் போய் வாருங்கள். நடு ஸ்டாண்டில் நீங்களே ஏற்றி இறக்கிப் பாருங்கள். விற்பனையாளர் உதவிக்கு வந்தால் அன்பாக மறுத்துவிடுங்கள். தோட்டத்து வீதியில் மழையில் வண்டி சாய்ந்தால் அவர் வரமாட்டார்.

கையிலோ காலிலோ ஷெல் துண்டு பட்ட சகோதரிகள் பிரேக்கை முழுவதுமாக அழுத்திப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டனை அழுத்தி இயக்கும் வசதி அவர்களுக்குக் கட்டாயம் தேவை. மருத்துவச் சான்றிதழ் பெறப் போகும்போது காயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, நமது மலைகள். மாத்தளை நகருக்குள்ளும் ஏ9 வீதியில் தம்புள்ளைக்கும் போகிறவருக்குச் சிறிய சில்லுள்ள ஸ்கூட்டி போதும். இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் பக்கம் ஏறி இறங்குகிறவர் யோசிக்க வேண்டும். 10 அங்குலச் சில்லு குழியில் அதிகம் குலுங்கும். 12 அங்குலம் சற்று மேல். கியர் உள்ள வண்டியில் இறக்கத்தில் கியரைக் குறைத்தால் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டி அந்த அளவுக்குப் பிடிக்காது, பிரேக்கில்தான் பாரம் முழுவதும் விழும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஆகவே மெதுவாக இறங்குங்கள், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், இடையில் நின்று இளைப்பாறுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்துகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

நான்காவது, சாரதி அனுமதிப்பத்திரம். மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, ஏ என்று இரண்டு வகை இருக்கிறது. ஏ1 என்பது 100 சீசீக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். அதற்கு மேல் என்றால் ஏ வேண்டும். இப்போது விற்கப்படும் அழகான ஸ்கூட்டிகள் பெரும்பாலும் 110, 125 சீசீ. ஏ1 ஐ மட்டும் எடுத்துவிட்டு 110 சீசீ வண்டி ஓடினால் அது சட்டப்படி அனுமதியில்லாமல் ஓடுவதாகும். விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணம் கிடைப்பதும் சிக்கலாகும். விண்ணப்பிக்கும்போதே ஏ வகைக்கு விண்ணப்பியுங்கள்.

ஐந்தாவதாகச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. வண்டி யாருக்கு?

எனக்குத் தெரிந்த ஒரு தாய், மிளகும் கராம்பும் பைக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். பஸ்ஸில் போய் வருவதற்கு அரை நாள் போகிறது என்று ஸ்கூட்டி வாங்கத் தீர்மானித்தார். ஷோரூமுக்கு மகனையும் தம்பியையும் கூட்டிப் போனார். "அம்மா, இதுதான் ஸ்டைல்" என்று மகன் காட்டிய 150 சீசீ வண்டியோடு மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். லீசிங் ஒப்பந்தத்தில் கையெழுத்து அம்மாவுடையது. வண்டியின் சாவி மகனுடைய சட்டைப்பையில். அம்மாவுக்கு அதில் ஏறவும் தெரியாது, கால் எட்டவும் இல்லை. ஒரு வருடம் பஸ்ஸில் போய்ச் சம்பாதித்து மாதத் தவணை கட்டினார். பிறகு மூன்று தவணை பிந்தியது. நிதி நிறுவனத்தின் ஆட்கள் வந்து வண்டியைக் கொண்டுபோனார்கள். மீதிக் கடனுக்கான கடிதம் இன்றும் அம்மாவின் பெயருக்கே வருகிறது.

அந்த மகன் கெட்டவனல்ல. தகப்பனில்லாமல் வளர்ந்த பையனுக்கு நண்பர்கள் முன்னால் ஒரு கௌரவம் தேவைப்பட்டது. ஆனால் அந்தக் கௌரவத்துக்கான விலையைத் தாய் கட்டினார். கடன் உங்கள் பெயரில் என்றால் வண்டியும் உங்கள் காலுக்கு எட்டுவதாக இருக்க வேண்டும், சாவியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதை மகனிடம் கோபமில்லாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லீசிங்கில் வாங்கும்போது, பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று நிதி நிறுவனத்தின் பெயரே இருக்கும். கடைசித் தவணை கட்டி முடிந்ததும் அந்தப் பெயரை நீக்கி உங்கள் பெயருக்கு மாற்றும்வரை அலுவல் முடியவில்லை. ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், தமிழில் விளக்கம் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், முழுவதும் சேர்த்து எவ்வளவு கட்டுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டிய அளவுக்கு நிலைமை போனதை நாம் மறந்துவிடக் கூடாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள், பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெயர் மாற்றாமல் "ஓப்பன் பேப்பரில்" வாங்குவது பின்னால் தலையிடி தரும். உங்களுக்குத் தெரிந்த கராஜ்காரரைக் கூட்டிப் போங்கள். விற்பவரின் கராஜ்காரர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, சேவிஸ், டயர் என்று செலவு தொடரும். எஸ்.எல்.எஸ். தரச் சின்னமுள்ள தலைக்கவசம் ஒன்று உங்களுக்கு, ஒன்று பின்னால் இருப்பவருக்கு. ஸ்டைல் பார்க்க வேண்டிய இன்னொரு இடமும் அதுவே. பிடித்த தலைக்கவசத்தை வாங்கினால் தினமும் போடுவீர்கள். சாரி முந்தானையையும் துப்பட்டாவையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சில்லில் சிக்கினால் ஆபத்து.

1990 களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த வடக்கில், சில சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அன்று நாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மருந்துக்கும் உயிருக்குமாக ஓடினோம். இன்று முன்னால் உட்காருகிறோம். முதல் ஒரு மாதம் விளையாட்டு மைதானத்தில் பழகுங்கள். அடுத்த மாதம் வாகனம் குறைந்த வீதியில். அதன் பின்னரே ஏ9. அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது வண்டிகளின் விலைத் தாள்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். நிறத்தை மட்டும் வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வாருங்கள்.