நள்ளிரவுத் தேநீர்

பரீட்சை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் விளக்கு அணைவதில்லை. பிள்ளை உறங்கிவிடலாகாதே என்று தாயார் நள்ளிரவிலும் தேநீர் ஊற்றிக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். அன்புதான், ஆயினும் மூளைக்கு அது நன்மையன்று.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள. பெரும்பாலும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு கலத்தில் ஓடிவரும் மின்துடிப்பு அவ்விடத்தை அடைந்ததும், இரசாயனப் பொருளொன்று சுரந்து, அடுத்த கலத்துக்குச் செய்தியைச் சேர்க்கின்றது. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்குங்கால் இவ்விணைப்புகள் வலுப்பெறுகின்றன. ஆனால், படித்தது நிலைபெறுவதற்கு உறக்கம் வேண்டும். பகலில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி ஏற்றுக்கொண்டவற்றை, ஆழ்ந்த உறக்கத்திலே மூளை தானாகவே மீட்டிப் பார்க்கின்றது. விழித்திருக்கும் பிள்ளை இந்த இரண்டாம் படிப்பை இழந்துவிடுகின்றான்.

தேநீரிலுள்ள கபீன் களைப்பைப் போக்குவதாக எண்ணுகிறோம். உண்மையில், களைப்பை அறிவிக்கும் அடினோசினை அது தன் வேலையைச் செய்யவிடாது தடுக்கின்றது, அவ்வளவே. களைப்பு இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

14 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்து, காலை 5 மணிக்குப் பிள்ளையை எழுப்பி, அப்போது அந்தத் தேநீரைக் கொடுக்கலாமே!