முத்து உண்மைதான், சொல்லும் கதை உண்மையா?

பள்ளி விடுமுறைக்கு வெளிநாடு சென்று திரும்பும் சிங்கப்பூர்க் குடும்பங்களின் பெட்டிகளில் அண்மைக் காலமாக ஒரு பொருளை அதிகம் பார்க்கிறேன். அது முத்து. ஜப்பானுக்குப் போனவர்கள் தோடு வாங்கி வருகிறார்கள். வியட்னாமின் ஹாலோங் விரிகுடாவுக்குப் போனவர்கள் முத்துச்சரத்தோடும் இந்தோனீசியாவின் லொம்போக் தீவுக்குப் போனவர்கள் மோதிரத்தோடும் திரும்புகிறார்கள். பாட்டிமார் அணியும் நகை என்று இருந்த முத்தை இப்போது என் வகுப்பு ஆண் மாணவர்கள்கூடக் கழுத்தில் அணிந்து விரிவுரைக்கு வருகிறார்கள்.

முத்து வாங்குவது பற்றிப் பேச்சு வந்தாலே, “போலியாக இருந்தால் என்ன செய்வது?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பொருளியல் படிக்கும் மாணவி என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. கண்ணாடி மணியை முத்து என்று விற்பவர்களைவிட, உண்மையான முத்தைப் பொய்யான கதையோடு விற்பவர்களே சுற்றுப்பயணிக்கு அதிக நட்டத்தை ஏற்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஏன் இப்போது?

முதல் காரணம் நாணய மதிப்பு. 2021ல் ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 110 யென் கிடைத்தது. 2024 ஜூலையில் அது 160 யென்னைத் தாண்டியது. நம் வெள்ளிக்கும் அதேபோல் கூடுதல் யென் கிடைத்தது. ஜப்பானில் எல்லாமே மலிவு என்ற எண்ணம் நம்மிடையே பரவியது.

ஆனால் ஜப்பானின் அக்கோயா முத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எஹிமே, மியே, நாகசாகி ஆகிய மாநிலங்களின் கடற்பகுதிகளில் அக்கோயா சிப்பிகள் வளர்க்கப்படுகின்றன. 2019 கோடையில் எஹிமே கடற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் பெருமளவில் மாண்டன. பிர்னா வகைக் கிருமி ஒன்று அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். குஞ்சு சிப்பியாகி, அதற்குள் முத்து உருவாகி, கடைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே 2019ல் ஏற்பட்ட இழப்பு பிந்தைய ஆண்டுகளில்தான் சந்தையில் தெரிந்தது.

இடையில் கொவிட்-19 நகைக் கண்காட்சிகளையும் முடக்கிப் போட்டது. ஹாங்காங்கில் வழக்கமாக நடக்கும் செப்டம்பர் நகைக் கண்காட்சி 2022ல் நம் சிங்கப்பூர் எக்ஸ்போவுக்கு இடம்பெயர்ந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். எல்லைகள் திறந்ததும் சீன வாங்குநர்கள் திரண்டு வந்தனர். விளைச்சல் குறைந்திருந்த நேரத்தில் தேவை கூடியதால் அக்கோயா விலை ஏறியது.

நல்ல கடல் முத்தின் விலை ஏறும்போது, அதைப் போலவே தோன்றும் மலிவான முத்தைக் கடல் முத்து என்று சொல்லி விற்கும் ஆசையும் கூடும்.

ஒரே சொல், நான்கு பொருள்கள்

தமிழில் எல்லாவற்றையும் முத்து என்றே சொல்லிவிடுகிறோம். சந்தையில் அந்தச் சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன.

முதலாவது, இயற்கை முத்து. மனிதர் தலையீடு இல்லாமல் சிப்பிக்குள் தானாக உருவாவது இது. நம் வீடுகளில் முத்து என்றதும் கொற்கையும் தூத்துக்குடியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தூத்துக்குடியில் கடலுக்குள் மூழ்கி முத்தெடுக்கும் தொழில் 1960களின் தொடக்கத்தோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. இயற்கை முத்துக்குப் பெயர்பெற்ற பஹ்ரேன், அந்தப் பெயரைக் காக்க வளர்ப்பு முத்துகளின் வணிகத்தையே தடைசெய்துள்ளது. சுற்றுலாக் கடையில் ஒருவர், “இது இயற்கை முத்து” என்று சாதாரண விலைக்கு நீட்டினால், அதை நம்பக் காரணமே இல்லை.

இரண்டாவது, கடலில் வளர்க்கப்படும் முத்து. 1893ல் ஜப்பானியரான மிக்கிமோட்டோ கோக்கிச்சி அரைவட்ட வளர்ப்பு முத்தை உருவாக்கியதிலிருந்து இந்தத் தொழில் வளர்ந்தது. சிப்பிக்குள் ஓட்டிலிருந்து செய்த சிறு மணியைக் கருவாக வைத்து, அதன்மேல் சிப்பி தன் படலத்தைச் சுரக்கும்வரை காத்திருப்பார்கள். அக்கோயாவும் இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ், ஆஸ்திரேலியாவின் பெரிய தென்கடல் முத்துகளும் இவ்வகை. தென்கடல் சிப்பி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே ஒரு முத்தைத்தான் தரும். அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும்.

மூன்றாவது, நன்னீர் முத்து. சீனாவின் செஜியாங் மாநிலத்திலுள்ள சூஜி நகரம் இதன் தலைநகர் எனலாம். குளத்தில் வளரும் ஒரே மட்டியில் 30க்கு மேற்பட்ட முத்துகள் விளையும். மலிவுக்கு அதுவே காரணம். இதுவும் உண்மையான முத்துதான். தரமும் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டு, சில நன்னீர் முத்துகள் அக்கோயா போலவே உருண்டையாகவும் பளபளப்பாகவும் இருக்கின்றன.

நான்காவது, போலி. கண்ணாடி, பிளாஸ்டிக் அல்லது ஓட்டு மணியின்மேல் பூச்சு பூசியது.

பல்லில் உரசிப் பார், இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். மணல்போல நறநறத்தால் உண்மை, வழுக்கினால் போலி என்பது கணக்கு. இந்தச் சோதனை நான்காவது வகையை ஓரளவு கண்டுபிடித்துத் தரும். ஆனால் முதல் மூன்று வகைகளும் பல்லில் ஒன்றுபோலத்தான் நறநறக்கும். பணம் அதிகம் பறிபோவது அந்த மூன்றுக்கும் இடையில்தான்.

பண்ணையைப் பார்த்தோம், முத்தைப் பார்த்தோமா?

என் சித்தி ஒரு சுற்றுலாக் குழுவோடு வெளிநாடு சென்றிருந்தார். பயணத் திட்டத்தில் முத்துப் பண்ணையும் இருந்தது. சிப்பியைப் பிளந்து முத்தை எடுத்துக் காட்டினார்கள். பிறகு, எல்லாரையும் பக்கத்திலிருந்த விற்பனைக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். சித்தி ஊதா நிறச் சரம் ஒன்றை வாங்கினார். “கடல் முத்து, இங்கேயே விளைந்தது” என்று விற்பனையாளர் சொன்னாராம். இங்கு வந்தபின் ஒரு நகைக்கடையில் காட்டியபோது, அது நன்னீர் முத்து என்றார்கள். ரசீதில் ‘முத்து மாலை 1’ என்று மட்டுமே இருந்தது.

“அழகாத்தானேம்மா இருக்கு, விடு” என்றார் சித்தி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கொடுத்தது கடல் முத்துக்கான விலை.

அங்கே காட்டிய செய்முறையில் பொய் இல்லை. சிப்பியும் உண்மை, அதிலிருந்து வந்த முத்தும் உண்மை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சரமும் அதே சிப்பியிலிருந்துதான் வந்தது என்று நம்மை நினைக்கவைப்பதில்தான் சிக்கல். கூர்ந்து பார்த்தால் நிறமே குறிப்புத் தரும். மெல்லிய ஊதா, பீச் போன்ற நிறங்கள் பெரும்பாலும் நன்னீர் மட்டிக்கு உரியவை. அக்கோயாவின் வழக்கமான நிறங்கள் வெள்ளை, பாலேடு, இலேசான நீலச் சாம்பல்.

லொம்போக்கிலும் இதே நிலைதான். மாத்தாராம் நகரின் செக்கார்பெலா பகுதி முத்து, பொன் வேலைப்பாட்டுக்குப் பெயர்பெற்றது. சுற்றியுள்ள கடலில் அருமையான தென்கடல் முத்து விளைகிறது. அதே தீவின் கடைகளில் சீன நன்னீர் முத்தும் விற்கப்படுகிறது. நேர்மையான வியாபாரிகள் கேட்டால் இரண்டையும் பிரித்துக் காட்டுவார்கள். கேட்காத பயணியோ, லொம்போக்கில் வாங்கியதால் அது லொம்போக் முத்து என்று எண்ணிக்கொள்கிறார்.

இடத்தின் பெயரில் விற்பது எப்போதும் ஏமாற்று வேலையாகிவிடாது. ஹைதராபாத்தைப் பாருங்கள். அந்த நகரில் கடலே இல்லை. ஆனாலும் நிஜாம் காலத்திலிருந்து முத்துக்குப் பெயர்பெற்ற நகரம் அது. இன்று அங்கு விற்கப்படும் முத்துகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. துளையிடுவதும் தரம் பிரிப்பதும் கோப்பதும் அங்குள்ள கைவினைஞர்களின் தலைமுறைத் திறமை. சார்மினார் அருகே வாங்குபவர் அந்தக் கைத்திறனுக்குப் பணம் கொடுக்கிறார். அதைத் தெரிந்து வாங்கினால் யாருக்கும் நட்டமில்லை.

‘எலுமிச்சை’ச் சந்தை

“நினைவுப்பொருள்தானே, எங்கே விளைந்தால் என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் பொருளியல் பாடத்தில் கிடைத்தது.

1970ல் ஜார்ஜ் அக்கர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்களின் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொள்ள அந்த ஆய்வு முக்கியக் காரணம். பழுதான காரை அமெரிக்கர்கள் ‘எலுமிச்சை’ என்பார்கள். எது நல்ல கார், எது எலுமிச்சை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் இரண்டுக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் கொடுக்க முன்வருவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையைவிட்டு விலகுவார். கடைசியில் எலுமிச்சைகளே மிஞ்சும்.

முத்துக் கடைக்கும் இது பொருந்தும். கடல் முத்து எது, நன்னீர் முத்து எது என்று பயணிக்குத் தெரியாவிட்டால், இரண்டு ஆண்டு காத்திருந்து ஒரே முத்தை எடுக்கும் பண்ணையாளர், மூட்டையாக வாங்கி விற்பவரோடு விலையில் போட்டியிட வேண்டிவரும். அவரால் முடியாது. சித்திக்கு ஏற்பட்ட நட்டம் சில நூறு வெள்ளி. நேர்மையான பண்ணையாளருக்கோ அது பிழைப்பையே பாதிக்கும். நன்னீர் முத்து வளர்ப்பவருக்கும் இதனால் நன்மை இல்லை. அவருடைய நல்ல விளைச்சல் சொந்தப் பெயரில் பாராட்டுப் பெறுவதற்குப் பதிலாக வேறொன்றின் பெயரில் ஒளிந்து விற்கப்படுகிறது.

சட்டம் எதுவரை வரும்?

சிங்கப்பூரிலும் ஓர் எலுமிச்சைச் சட்டம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த அந்த விதிகளின்படி, இங்கு வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கியபோதே அந்தக் குறை இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தையும் நாடலாம். வெளிநாட்டுக் கடையில் வாங்கிய சரத்துக்கு நடைமுறையில் இந்தப் பாதுகாப்பு எட்டாது.

சில நாடுகள் தாங்களாகவே நடவடிக்கை எடுத்துள்ளன. 2013 அக்டோபரில் நடப்புக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டம், மிக மலிவான கட்டணத்தைக் காட்டிப் பயணிகளைச் சேர்த்து, கடைகளுக்குக் கூட்டிப்போய் அதில் தரகு பெறும் முறையைத் தடைசெய்தது. பயணக் கட்டணம் நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், மீதியைக் கடையில் கட்டப்போகிறோம் என்று புரிந்துகொள்ளலாம்.

நம் பக்கத்தில் வரிக் கணக்கும் உண்டு. 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் சிங்கப்பூரர், 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பொருள், சேவை வரி கட்டத் தேவையில்லை. அதற்குக் குறைந்த பயணமானால் வரம்பு 100 வெள்ளி. 1,200 வெள்ளிக்கு முத்து மாலை வாங்கி வந்தால், மீதமுள்ள 700 வெள்ளிக்கு 9 விழுக்காடு வரி, அதாவது 63 வெள்ளி கட்ட வேண்டும். ஜப்பானில் 10 விழுக்காட்டு வரி கிடையாது என்று மகிழும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. அந்த வரிவிலக்கும், 2026 நவம்பர் 1 முதல், கடையில் வரியைக் கட்டிவிட்டு, நாட்டைவிட்டுப் புறப்படும்போது திரும்பப் பெறும் முறைக்கு மாறுகிறது.

நான்கு கேள்விகள்

சட்டம் எட்டாத இடத்தில் கேள்விதான் நமக்குக் கருவி. முத்து வாங்கப் போகும் நண்பர்களுக்கு நான் நான்கு கேள்விகளைச் சொல்லி அனுப்புகிறேன்.

ஒன்று, இது கடல் முத்தா, நன்னீர் முத்தா, எந்த வகைச் சிப்பி? இரண்டு, எந்த நாட்டில் விளைந்தது? மூன்று, சாயமோ வேறு மெருகூட்டலோ செய்யப்பட்டதா? வெளுப்பதும் சாயமேற்றுவதும் இத்தொழிலில் பரவலாக இருப்பதால், இப்படிக் கேட்பதை வியாபாரி தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நான்கு, இந்த மூன்று பதில்களையும் ரசீதில் எழுதித் தருவீர்களா?

நான்காவது கேள்விதான் மிக முக்கியம். வாயால் எதையும் சொல்லிவிடலாம். எழுதிக் கையொப்பமிடும்போது பலர் யோசிப்பார்கள். தயங்கினால் அந்தக் கடையில் பெரிய தொகை செலவழிக்க வேண்டாம். ‘ஏஏஏ’ போன்ற தர எழுத்துகளைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஒரே அளவுகோல் அதற்கு இல்லை. ஒரு கடையின் ‘ஏஏஏ’ மற்றொரு கடையில் ‘ஏ’ ஆகலாம்.

சிப்பி முத்து அல்லாத பொருள்களிலும் கவனம் தேவை. பிலிப்பீன்சில் ‘ஒஸ்மேன்யா முத்து’ என்ற பெயரில் விற்கப்படுவது நாட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓடு. அனைத்துலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அந்த உயிர் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவந்தால் நினைவுப்பொருள் சிக்கலாகிவிடும்.

முத்து வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் உள்ள காசுக்கு அழகான நன்னீர்ச் சரத்தை, நன்னீர் என்று தெரிந்தே வாங்கி அணிவது மாணவர்களுக்கு நல்ல தேர்வு. கடல் முத்துதான் வேண்டும் என்றால் காசு சேர்த்து, கேட்டு, எழுதி வாங்குங்கள். அடுத்த விடுமுறைக்கு உங்கள் அம்மாவோ சித்தியோ சுற்றுலாக் குழுவோடு கிளம்பினால், அந்த நான்கு கேள்விகளையும் அவர்களின் கைப்பேசிக்கு அனுப்பிவையுங்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால், உண்மையைச் சொல்லி விற்பவர்களுக்கும் சந்தையில் இடம் இருக்கும்.